பல்பின் மின்தடை 882 ஓமா, 64 ஓமா?

230 வோல்ட், 60 வாட் என்று பொறிக்கப்பட்ட இழை பல்பு ஒன்றின் மின்தடையைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 882 ஓம் வருகிறது, ஆனால் அதே பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 64 ஓம்தான் காட்டுகிறது, இவற்றில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு, மின்னழுத்தமும் மின்னோட்டமும் தெரிந்துவிட்டால் எந்தக் கருவிக்கும் மின்தடையையும் திறனையும் கண்டுபிடித்துவிடலாமா என்றும், ஒரு சூத்திரத்தின்படி மின்தடை கூடினால் திறன் கூடுவதாகவும் இன்னொன்றின்படி குறைவதாகவும் வருகிறதே என்றும் இரண்டு ஐயங்களைச் சேர்த்திருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இவை மூன்று கேள்விகள். ஆனால் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். சூத்திரத்தில் போடும் மின்னழுத்தம் எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ளது, மின்னோட்டம் எதன் வழியே ஓடுகிறது, இரண்டும் ஒரே நேரத்து அளவுகள்தானா என்பதே அது. மின்னளவுக் கருவிகளைச் சோதித்துச் சரிபார்க்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கணக்குகளில் பெருக்கலிலோ வகுத்தலிலோ தவறு செய்பவர்கள் மிகவும் குறைவு, எண்ணைத் தவறான இடத்திலிருந்து எடுத்துப் போடுபவர்களே அதிகம்.

முதல் கேள்விக்கான விடையை உடனே சொல்லிவிடலாம். இரண்டு எண்களுமே சரி. 64 ஓம் என்பது அறை வெப்பநிலையில் குளிர்ந்திருக்கும் டங்ஸ்டன் இழையின் மின்தடை. 882 ஓம் என்பது அதே இழை முழு மின்னழுத்தத்தில் ஒளிர்ந்துகொண்டிருக்கும்போது உள்ள மின்தடை. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைக்கும்போது அது தன் உள்ளிருக்கும் பேட்டரியிலிருந்து ஒரு மில்லி ஆம்பியர் அளவிலோ அதற்கும் குறைவாகவோ மின்னோட்டத்தைச் செலுத்தி, அதனால் ஏற்படும் மின்னழுத்தத்தைப் பார்த்து மின்தடையைச் சொல்கிறது. அந்தச் சிறிய மின்னோட்டத்தால் இழை சூடாவதே இல்லை. எனவே மீட்டர் பொய் சொல்லவில்லை, உங்கள் கணக்கும் பொய் சொல்லவில்லை. இரண்டும் பல்பின் இரண்டு வெவ்வேறு நிலைகளைப் பற்றிப் பேசுகின்றன.

இனி அடிப்படைக்கு வருவோம். எதை எந்தச் சூழலிலும் நம்பலாம், எதை நிபந்தனையோடு மட்டுமே நம்பலாம் என்று இங்கேயே பிரித்துக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது. ஒரு கூலூம் மின்னூட்டம் இரண்டு புள்ளிகளுக்கு இடையே கடக்கும்போது எத்தனை ஜூல் ஆற்றல் கைமாறுகிறது என்பதைச் சொல்வது வோல்ட். ஒரு நொடியில் எத்தனை கூலூம் கடக்கிறது என்பதைச் சொல்வது ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் கூலூம் அடிபட்டு, ஒரு நொடிக்கு எத்தனை ஜூல் என்பது மிஞ்சுகிறது, அதுவே வாட். ஆகவே, ஒரு கருவியின் இரு முனைகளுக்கு இடையே ஒரு கணத்தில் உள்ள மின்னழுத்தத்தை அதே கணத்தில் அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தால் பெருக்கினால் அந்தக் கணத்தின் திறன் கிடைக்கும் என்பதில் விதிவிலக்கே கிடையாது. உள்ளே இருப்பது பல்பா, மோட்டாரா, பேட்டரியா, எல்.இ.டி.யா என்ற கேள்வி அங்கே எழுவதில்லை, ஏனெனில் இது பொருளின் இயல்பைப் பற்றிய கூற்று அன்று, ஆற்றல் கணக்கு மட்டுமே.

மின்தடையின் கதை வேறு. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் வரும் விகிதத்துக்கு மின்தடை என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த அளவில் அது வெறும் வரையறை. அந்த விகிதம் மின்னழுத்தத்தை மாற்றினாலும் மாறாமல் இருக்கும் என்பது ஒரு தனிக் கூற்று, அதுவே ஓம் விதி. உலோகக் கம்பிகளுக்கு, வெப்பநிலை மாறாதிருக்கும் வரையில், அது மிகத் துல்லியமாகப் பொருந்துகிறது. வேறு பல பொருள்களுக்குப் பொருந்துவதே இல்லை. ஜெர்மானியரான கேயார்க் சைமன் ஓம் 1827-இல் இதை நூலாக வெளியிடுவதற்கு முன் செய்த சோதனைகளில், அன்றைய மின்கலங்கள் மின்னோட்டம் எடுக்க எடுக்க மின்னழுத்தத்தில் தடுமாறியதால், 1826-இல் பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்ப மின்னிரட்டைக்கு, அதாவது இரு உலோகங்கள் சேரும் சந்திகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் அமைப்புக்கு, மாறினார். அதன் ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தால் மின்னழுத்தம் அசையாமல் நிற்கும். மூலம் நிலையாக நின்ற பிறகுதான் விதி கண்ணுக்குத் தெரிந்தது. அந்தத் தடுமாற்றத்தைப் பற்றிக் கீழே மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் பல்பையே எடுத்துக்கொண்டு கணக்கைப் பார்ப்போம். 60 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 0.26 ஆம்பியர். 230-ஐ 0.26-ஆல் வகுத்தாலும், 230-இன் இருமடியான 52,900-ஐ 60-ஆல் வகுத்தாலும் ஏறத்தாழ 882 ஓம்தான் வரும். இப்போது மல்டிமீட்டர் காட்டிய 64 ஓமை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள்: 3.6 ஆம்பியர், 800 வாட்டுக்கும் மேல். அபத்தமான விடையாகத் தோன்றும், ஆனால் முழுக்க அபத்தம் இல்லை. விளக்கைப் போடும் அந்த முதல் கணத்தில் இழை குளிர்ந்துதான் இருக்கிறது. ஆகவே அந்த அளவுக்கு மின்னோட்டம் உண்மையாகவே பாய்கிறது. ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இழை சூடேறி, மின்தடை பதினான்கு மடங்கு வரை உயர்ந்து, மின்னோட்டம் 0.26 ஆம்பியருக்கு இறங்கிவிடுகிறது. பழைய இழை பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிட சுவிட்சைப் போடும்போது ‘டப்’பென்று போவது அதிகம் என்பதை நீங்களும் கவனித்திருக்கலாம். ஏற்கெனவே மெலிந்துபோன இழையில் மெலிந்த இடத்துக்கு இந்த முதல் பாய்ச்சலைத் தாங்க முடிவதில்லை.

இழையின் வெப்பநிலையையும் இதிலிருந்து மதிப்பிடலாமே என்று தோன்றும். அறை வெப்பநிலையை ஒட்டி, டங்ஸ்டனின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.45 விழுக்காடு கூடுகிறது. அதே வீதம் கடைசிவரை நீடிக்கும் என்று எடுத்துக்கொண்டால், 882-ஐ 64-ஆல் வகுத்த 13.8 மடங்கிலிருந்து இழையின் வெப்பநிலை ஏறத்தாழ 2,850 டிகிரி என்று வரும். உண்மையில் இத்தகைய பல்பின் இழை 2,500 டிகிரியை ஒட்டியே இருக்கும். வெப்பநிலை ஏற ஏற அந்த வீதமும் சற்றுக் கூடுவதால் நேர்கோட்டுக் கணக்கு மிகையாகக் காட்டுகிறது. மின்தடை பன்மடங்கு உயர்ந்தது என்பது உறுதி. அதை வைத்துச் சொல்லும் வெப்பநிலை ஒரு மதிப்பீடு. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

இதன் இன்னொரு விளைவு பலரை ஏமாற்றும். அந்த பல்புக்கு 230 வோல்ட்டுக்குப் பதிலாகப் பாதி, அதாவது 115 வோல்ட் கொடுத்தால் எத்தனை வாட் எடுக்கும்? மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுக்கும் சூத்திரத்தில் 882-ஐப் போட்டால் 15 வாட் என்று வரும். தேர்வுத் தாள்களும் அதையே எதிர்பார்க்கும். அளந்து பார்த்தால் 20 வாட்டை ஒட்டி வரும். குறைந்த மின்னழுத்தத்தில் இழை அவ்வளவு சூடாவதில்லை, அதனால் மின்தடையும் 882-ஐவிடக் குறைவாக இருக்கிறது, அதனால் எதிர்பார்த்ததைவிட அதிக மின்னோட்டம் ஓடுகிறது. சூத்திரம் பிழைபடவில்லை; ஒரு நிலையில் கண்ட மின்தடையை இன்னொரு நிலைக்குக் கடன் வாங்கியதுதான் பிழை.

எல்லாப் பொருள்களும் இப்படித் தாவுவதில்லை. ஹீட்டர்களில் பயன்படும் நிக்ரோம் கம்பியின் மின்தடை, சிவக்கச் சூடான பிறகும், குளிர்ந்த நிலையிலிருந்து சில விழுக்காடுதான் மாறுகிறது. அதனால்தான் அதை அந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். 230 வோல்ட், 1,000 வாட் ஹீட்டருக்குக் கணக்கில் 52.9 ஓம் வந்தால், மல்டிமீட்டரும் அதற்குப் பக்கத்திலேயே காட்டும். அங்கே மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்து 207 ஆனால் திறன் 810 வாட் ஆகும் என்ற கணக்கைத் தயங்காமல் நம்பலாம். செம்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு என்பதால், அறை வெப்பநிலையிலிருந்து ஐம்பது டிகிரி சூடேறிய மோட்டார் சுற்றின் மின்தடை இருபது விழுக்காடு உயர்ந்திருக்கும். இடையூறாகத் தோன்றும் இந்தப் பண்பைப் பயனாக்கிக்கொண்டவர்களும் உண்டு. சுழியம் டிகிரியில் 100 ஓமும் நூறு டிகிரியில் 138.5 ஓமும் காட்டும் பிளாட்டினம் உணரியால் ஆலைகளில் வெப்பநிலையை அளப்பது இந்த ஏற்றத்தை நம்பித்தான்.

அடுத்து உங்கள் மூன்றாவது ஐயம். திறன் என்பது மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் வரும். மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்தாலும் வரும். முதலாவதில் மின்தடை கூடினால் திறன் கூடும், இரண்டாவதில் குறையும். முரண்பாடாகத் தெரிவதற்குக் காரணம், மின்தடையை மாற்றும்போது மற்ற இரண்டில் எது மாறாமல் நிற்கிறது என்பதைச் சூத்திரம் வாய்விட்டுச் சொல்லாததுதான். மின்னழுத்தம் நிலையாக இருக்கும் சுற்றில், அதாவது வீட்டு மின்னிணைப்பில் பக்க இணைப்பாகப் போடும் கருவிகளில், மின்தடை குறைந்த கருவியே அதிகத் திறன் எடுக்கும். 100 வாட் பல்பின் சூடான மின்தடை 529 ஓம், 60 வாட் பல்பினுடையது 882. அதே இரண்டு பல்புகளைத் தொடர் இணைப்பில் போட்டால் இரண்டிலும் ஒரே மின்னோட்டம் ஓடியாக வேண்டும். அப்போது மின்தடை கூடிய 60 வாட் பல்புதான் பிரகாசமாக எரியும். மாறாத மின்தடை என்று வைத்துக் கணக்கிட்டால் அதற்கு 23 வாட்டும் மற்றதற்கு 14 வாட்டும் கிடைக்கும். உண்மையில் வேறுபாடு இதைவிடவும் கூடுதலாகவே இருக்கும். 60 வாட் இழை நன்றாகச் சூடேறித் தன் மின்தடையை உயர்த்திக்கொள்ள, 100 வாட் இழை மந்தமாகவே நின்றுவிடும். இரு சூத்திரங்களும் ஒரே சுற்றில் ஒரே பொருளுக்குச் சரியான எண்களோடு போட்டால் எப்போதும் ஒரே விடையைத்தான் தரும்.

‘சரியான எண்கள்’ என்று சொல்வதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ஒரு கருவிக்குப் போகும் வயரும் திரும்பி வரும் வயரும் சேர்ந்து மின்தடை மொத்தம் 0.5 ஓம், அதில் 10 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வயரில் வீணாகும் திறன் பத்தின் இருமடி பெருக்கல் 0.5, அதாவது 50 வாட். இதையே மின்னழுத்தச் சூத்திரத்தில் கண்டுபிடிக்கிறேன் என்று 230-இன் இருமடியை 0.5-ஆல் வகுத்தால் ஒரு லட்சத்து ஐயாயிரத்து எண்ணூறு வாட் வரும். அந்த வயர் அந்தக் கணமே ஆவியாகியிருக்க வேண்டும். வயரின் இரு முனைகளுக்கு இடையே இருப்பது 230 வோல்ட் அன்று, 10 ஆம்பியரை 0.5 ஓமால் பெருக்கினால் வரும் 5 வோல்ட் மட்டுமே. ஐந்தின் இருமடி 25, அதை 0.5-ஆல் வகுத்தால் அதே 50 வாட். மின்னழுத்தம் என்று எதைப் போட்டாலும் அது நீங்கள் கணக்கிடும் அந்தப் பொருளின் இரு முனைகளுக்கு இடையே உள்ளதாக இருக்க வேண்டும். மூலத்தில் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துப் போடக் கூடாது.

மின்கலத்திலும் இதே சிக்கல்தான். ஓமைத் தொல்லைப்படுத்தியதும் இதுவே. எதனோடும் இணைக்காதபோது 1.5 வோல்ட் காட்டும் கலம் ஒன்று, ஒரு சிறு பல்பை இணைத்து 0.5 ஆம்பியர் எடுக்கும்போது 1.3 வோல்ட்டுக்கு இறங்குகிறது என்று கொள்ளுங்கள். பல்பின் மின்தடை 1.3-ஐ 0.5-ஆல் வகுத்த 2.6 ஓம், 1.5-ஐப் போட்டு 3 ஓம் என்று சொன்னால் தவறு. காணாமல்போன 0.2 வோல்ட் கலத்தின் உள்ளேயே இருக்கும் 0.4 ஓம் அகமின்தடையில் விழுந்திருக்கிறது. பல்புக்குப் போவது 0.65 வாட், கலம் தனக்குள்ளேயே சூடாக இழப்பது 0.1 வாட். எனவே மின்னழுத்தத்தைச் சுமை இணைந்திருக்கும்போது, சுமையின் முனைகளிலேயே, மின்னோட்டத்தோடு ஒரே நேரத்தில் அளக்க வேண்டும்.

இனி, எந்தக் கருவிக்கும் இப்படிக் கணக்கிடலாமா என்ற கேள்வி. திறனுக்கு, நேர்திசை மின்னோட்டத்தில், ஆம் என்றே சொல்வேன். மின்தடைக்கு அவ்வளவு எளிதாகத் தலையாட்ட முடியாது. 12 வோல்ட்டில் ஓடும் சிறிய நேர்திசை மோட்டார் ஒன்று 2 ஆம்பியர் எடுக்கிறது, அதன் சுற்றின் மின்தடை 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் எடுக்கும் திறன் 24 வாட், இதில் ஐயமில்லை. ஆனால் 12-ஐ 2-ஆல் வகுத்து வரும் 6 ஓம் என்பது அந்த மோட்டாரில் எந்தக் கம்பியின் மின்தடையும் அன்று. சுற்றில் வெப்பமாவது 2-இன் இருமடி பெருக்கல் 1, அதாவது 4 வாட். மீதி 20 வாட், சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் 10 வோல்ட் எதிர் மின்னியக்கு விசையை எதிர்த்துத் தள்ளப்பட்டு இயந்திர ஆற்றலாகிறது. அதில் ஒரு பகுதி உராய்விலும் போகும். அச்சைக் கையால் இறுக்கி நிறுத்திவிட்டால் அந்த எதிர் விசை மறைந்து 12 ஆம்பியர் பாய்கிறது. மூலம் தாக்குப்பிடித்தால் 144 வாட், முழுவதும் வெப்பம். நின்றுபோன மோட்டார் ஏன் புகைகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. மின்னூட்டம் ஏற்றப்படும் பேட்டரிக்கும் இதே தர்க்கம் பொருந்தும்: 14 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஏறினால் 70 வாட் உள்ளே போகிறது என்பது மெய், பேட்டரியின் மின்தடை 2.8 ஓம் என்பது பொருளற்றது. 1841-இல் ஜேம்ஸ் ஜூல் வெளியிட்ட விதி, அதாவது வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் ஏற்ப எழுகிறது என்பது, வெப்பமாகும் பங்கை மட்டும் சொல்கிறது. மொத்தத் திறனைச் சொல்வது மின்னழுத்தமும் மின்னோட்டமும் பெருகிய எண். தூய மின்தடையில் மட்டும் இரண்டும் ஒன்றாகின்றன.

எல்.இ.டி.யைப் பொறுத்தவரை மின்தடை என்ற எண்ணையே மறந்துவிடுவது நல்லது. எடுத்துக்காட்டாக, 3 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர் ஓடும் ஒரு வெள்ளை எல்.இ.டி.க்கு விகிதம் 150 ஓம். மின்னழுத்தத்தைச் சற்றே குறைத்து 2.8 வோல்ட்டில் 5 மில்லி ஆம்பியர் ஓடினால் அதே விகிதம் 560 ஓம் ஆகிவிடும். ஆகவே அதன் முன்னே ஒரு ரெசிஸ்டரைப் போட்டு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறோம், கணக்கையும் அந்த ரெசிஸ்டருக்கே செய்கிறோம். 12 வோல்ட் மூலத்தில் எல்.இ.டி. 3 வோல்ட்டைப் பிடித்துக்கொண்டால் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 9 வோல்ட், 9-ஐ 0.02-ஆல் வகுத்தால் 450 ஓம். வழக்கமான வரிசையில் அதற்கு அடுத்து மேலே கிடைப்பது 470. அதில் 19 மில்லி ஆம்பியர் ஓடும், 0.17 வாட் வெப்பமாகும், கால் வாட் ரெசிஸ்டர் போதும் என்று தோன்றும். ஆனால் அந்த 12 வோல்ட் ஒரு வாகனப் பேட்டரியாக இருந்து, மின்னூட்டம் ஏறும்போது 14.4 வோல்ட் ஆனால், ரெசிஸ்டரில் 11.4 வோல்ட் நிற்கும், 11.4-இன் இருமடியை 470-ஆல் வகுத்தால் 0.28 வாட், கால் வாட் வரம்பைத் தாண்டியாயிற்று. அரை வாட் ரெசிஸ்டரைப் போட்டுவிடுங்கள். பொதுவாகவே, கணக்கில் வரும் வாட்டைப்போல் இரு மடங்கு தாங்கும் ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுப்பது தொழிலில் உள்ளவர்களின் வழக்கம்.

மாறுதிசை மின்னோட்டத்தில் இன்னொரு நிபந்தனை சேர்கிறது. 230 வோல்ட் என்று சொல்வது ஆர்.எம்.எஸ். மதிப்பு, அதாவது அதே வெப்பத்தைத் தரும் நேர்திசை மின்னழுத்தத்தின் அளவு; அலையின் உச்சி ஏறத்தாழ 325 வோல்ட்டைத் தொடும். ஹீட்டருக்கும் இழை பல்புக்கும் இந்த ஆர்.எம்.எஸ். மதிப்புகளைப் பெருக்கினாலே சராசரித் திறன் சரியாக வந்துவிடும். அந்த மதிப்பை வரையறுத்ததே அதற்காகத்தான். மோட்டாரிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் மின்னழுத்த அலையும் மின்னோட்ட அலையும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை. 230 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுக்கும் மோட்டாரில் பெருக்கி வரும் 460 என்பது வோல்ட்-ஆம்பியர். இதில் எத்தனை பங்கு உண்மையான திறன் என்பதைச் சொல்லும் திறன் காரணி 0.7 என்றால் உண்மையில் செலவாவது 322 வாட். 230-ஐ 2-ஆல் வகுத்து வரும் 115 ஓம் என்பது மின்னெதிர்ப்பு (இம்பீடன்ஸ்), கம்பியின் மின்தடை மட்டும் அன்று. மல்டிமீட்டரை அந்தச் சுற்றில் வைத்தால் அதைவிட மிகக் குறைவாகவே காட்டும், ஏனெனில் அது நேர்திசை மின்னோட்டத்தால் கம்பியின் மின்தடையை மட்டும் அளக்கிறது. காந்தப் புலத்தால் எழும் எதிர்ப்பு அதன் கண்ணில் படாது. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் தனித்தனியே அளந்து மட்டும் திறன் காரணியைக் கண்டுபிடிக்க வழியில்லை. அதற்கு இரண்டையும் ஒரே கணத்தில் பெருக்கிச் சராசரி எடுக்கும் வாட் மீட்டர் வேண்டும். சார்ஜர், எல்.இ.டி. விளக்கு போன்றவற்றில் மின்னோட்டம் சீரான அலையாக இல்லாமல் துடிப்பு துடிப்பாக வருவதால், ‘ட்ரூ ஆர்.எம்.எஸ்.’ என்று குறிக்கப்படாத சாதாரண மீட்டர் அந்த மின்னோட்டத்தையே கணிசமாகக் குறைத்துக் காட்டக்கூடும்.

அளக்கும் கருவியும் சுற்றின் ஒரு பகுதிதான் என்பதை மறக்கக் கூடாது. 1 ஓம் ரெசிஸ்டரை அளக்கும்போது, 0.1 ஓம் உள்ள அம்மீட்டரையும் சேர்த்து அதன் வெளிப்புறத்தில் வோல்ட் மீட்டரை வைத்தால் விடை 1.1 ஓம் என்று வரும். அப்போது வோல்ட் மீட்டரை ரெசிஸ்டரின் முனைகளிலேயே வைக்க வேண்டும். மாறாக 10 லட்சம் ஓம் ரெசிஸ்டரின் முனைகளில் ஒரு கோடி ஓம் உள்மின்தடை கொண்ட வோல்ட் மீட்டரை நேரே வைத்தால், மின்னோட்டத்தில் பதினொன்றில் ஒரு பங்கு மீட்டர் வழியே போய்விடும், விடை 9.1 லட்சம் ஓமாகக் குறையும். அங்கே அம்மீட்டரை ரெசிஸ்டருக்கு நெருக்கமாக வைத்து, வோல்ட் மீட்டரை வெளியே வைப்பதே பொருத்தம். சிறிய மின்தடைகளில் புரோப் வயர்களே 0.2 முதல் 0.5 ஓம் வரை சேர்த்துவிடும். இரண்டு புரோப்களையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து, காட்டும் எண்ணைக் கழித்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் மின்னோட்டம் செலுத்த இரண்டு, மின்னழுத்தம் பார்க்க இரண்டு என்று நான்கு வயர் வைக்கும் முறைதான் கைகொடுக்கும்.

விடையை எத்தனை இலக்கத்துக்கு எழுதுவது என்பதும் நேர்மையைச் சேர்ந்தது. மின்னழுத்தத்தில் ஒரு விழுக்காடும் மின்னோட்டத்தில் இரண்டு விழுக்காடும் பிழை இருக்கலாம் என்றால், மின்தடையிலும் திறனிலும் மூன்று விழுக்காடு வரை பிழை இருக்கலாம். உங்கள் கால்குலேட்டர் 881.6667 என்று காட்டினாலும், பல்பின் மேல் எழுதிய 60 வாட்டே சில விழுக்காடு இப்படி அப்படி இருக்கும் எண் என்பதால், ‘சுமார் 880 ஓம்’ என்பதற்கு மேல் சொல்ல உங்களிடம் சான்று இல்லை. அலகுகளிலும் ஒரு சொல்: 5 வோல்ட்டை 20 மில்லி ஆம்பியரால் வகுத்து 0.25 என்று எழுதி அதை ஓம் என்று நினைப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் வருவது கிலோ ஓம். எனவே அது 250 ஓம்.

230 வோல்ட் இணைப்பில் மின்னோட்டத்தை அளக்க, பழக்கமில்லாமல் மல்டிமீட்டரைத் தொடரில் நுழைக்க முயல வேண்டாம். புரோப்பை ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு அடுத்து மின்னழுத்தம் பார்க்கப் போனால், மீட்டர் மூலத்துக்குக் குறுக்கே நேர் இணைப்பாகிவிடும். ஃபியூஸ் மட்டும் போனால் அதிர்ஷ்டம். பிளக்கில் செருகும் வாட் மீட்டரோ, கிளாம்ப் மீட்டரோ போதும். கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் ஒரு வயர் மட்டும் இருக்க வேண்டும், போகும் வயரையும் வரும் வயரையும் சேர்த்துப் பிடித்தால் சுழியம்தான் காட்டும். ஓம் அளவில் வைத்த மீட்டரை மின்சாரம் உள்ள சுற்றில் ஒருபோதும் தொட்டுப் பார்க்காதீர்கள்.

இழையின் மின்தடை ஏறுவதைக் கண்ணால் பார்க்க விரும்பினால், 12 வோல்ட், 21 வாட் வாகன பல்பும் மின்னழுத்தத்தை மாற்றக்கூடிய ஒரு நேர்திசை மூலமும் போதும். மூலம் 3 ஆம்பியர் வரையாவது தரக்கூடியதாக இருக்கட்டும், பல்பின் கண்ணாடியைத் தொடாதீர்கள், கடுமையாகச் சுடும். 0.2 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக 12 வரை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் நிலைத்த பிறகு மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் எழுதிக்கொண்டு வகுத்துப் பாருங்கள். கடைசிப் படியில் 1.75 ஆம்பியரை ஒட்டி ஓடி விகிதம் 7 ஓமுக்குச் சற்றுக் கீழே நிற்கும். 6 வோல்ட்டில், பலரும் எதிர்பார்க்கும் 5.25 வாட்டுக்குப் பதிலாக 7 வாட்டை ஒட்டி வரும். கீழே இறங்க இறங்க விகிதம் அரை ஓமை நோக்கிச் சரியும். தாழ்ந்த படிகளில் எண்கள் சீராக இறங்காமல் துள்ளினால், வோல்ட் மீட்டரின் புரோப்களை மூலத்தின் முனைகளிலிருந்து எடுத்துப் பல்பின் அடிப்பகுதி உலோகத்திலேயே வைத்து மறுபடி பாருங்கள். ஹோல்டரின் தொடர்பிலும் வயரிலும் விழும் மின்னழுத்தம் அந்த அளவில் பல்பினுடையதற்குச் சமமாகவே இருக்கக்கூடும்.